டொரத்தி பெட்டிக்குப் பணம் கட்டினாள்

புனித அன்னம்மாள் கோயில் தண்ணீரைக் கார் ரேடியேட்டரில் ஊற்றியவன் ஜொகூர் மாநிலத்தில் அநேகமாக நான் ஒருவன்தான்.

தங்காக்கில் நடந்தது. உறவில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க என் மனைவி டொரத்தி கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். துணிக்கடைக்குள் நுழைந்தாலே எனக்குக் கொட்டாவி வரும் என்பதால் காரிலேயே தங்கிவிட்டேன். "எஞ்சின அடைச்சிட்டு ஜன்னலத் தொறந்து வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்தபோது காரின் முன்பக்கம் இட்லிச் சட்டி மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

சூடு ஆறும்வரை காத்திருந்து, பின்பக்கத்தைத் திறந்து தேடினேன். வெள்ளைத் துண்டில் சுற்றிய பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, நிறையத் தண்ணீர். அதில் ஒரு வயதான அம்மாளின் படம் ஒட்டியிருந்தது. கண்ணாடி போடாத கண்ணுக்கு ஏதோ மினரல் வாட்டர் கம்பெனி விளம்பரம் போலத் தெரிந்தது. கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். துண்டில் கையையும் துடைத்துக்கொண்டேன்.

அந்தத் தண்ணீர், வடக்கே பினாங்குப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் டொரத்தியின் தங்கை ஜெரால்டின், அங்குள்ள அன்னம்மாள் கோயில் ஊற்றில் பிடித்துத் தங்காக்கில் உள்ள தோழியிடம் கொடுத்தனுப்பியது. காலையில்தான் டொரத்தி அதைக் கைக்குழந்தை மாதிரி வாங்கிவந்து காரில் வைத்திருந்தாள்.

திரும்பி வந்தவள் காலிப் போத்தலைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை படிந்த துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

"கார் ஓடுதா?" என்றாள்.

"ஓடுது."

"சரி. போலாம்."

அவ்வளவுதான். ஆயர் ஹீத்தாம் வரை ஒரு வார்த்தை இல்லை. அங்கே ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். என் சந்தேகம் அந்த இடத்தில்தான் பிறந்தது.

சந்தேகப்படுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, தொழில். காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நின்ற காரைப் பசு மாடு வந்து முட்டியது என்பார்கள். நான் பசு மாட்டைத் தேடிப் போவேன். "சந்தனசாமிகிட்ட பொய் சொல்றதுக்குப் பதிலா வண்டிய நீயே சரி பண்ணிக்கலாம்" என்று குளுவாங் பட்டறைக்காரர்கள் பேசிக்கொள்வார்களாம். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஒரு பெண்மணி திட்டாமல் இருந்தால் சும்மா விட முடியுமா?

ரெங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் டொரத்தி அடுத்த குண்டைப் போட்டாள். "இந்தத் தடவ நாமளே போய்த் தண்ணி எடுத்துட்டு வருவோம். நீங்களும் அன்னம்மா முன்னால முட்டி போடணும். பண்ணின வேலைக்கு."

"போடறேன். பஸ்ல போலாமா?"

"ஃப்ளைட்ல. செனாய்ல ஏறி பினாங்குல எறங்கலாம். ஃபெலிசியா டிக்கெட் போட்டுட்டா. பெட்டிக்கும் சேத்துக் கட்டியாச்சு. போக, வர."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டொரத்தியைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். மலிவு விமானக்காரன் பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பதை அவள் ஒரு பாவமாகவே கருதுபவள். "ஆள ஏத்திக்கிட்டு அவன் பெட்டிக்குத் தனி டிக்கெட் கேக்குறவன், நாளைக்கு அவன் செருப்புக்கும் கேப்பான்" என்பாள். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பியபோது, கையில் ஏழு கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று, சேலைக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் உருண்டு வந்தாள். எனக்கு இரண்டு கால்சட்டை. என் ஜாக்கெட் பை ஒன்றில் கடுகு, மற்றொன்றில் வடகம். சோதனைக்காரர் என்னைத் தட்டிப் பார்த்தபோது நான் நொறுங்கும் சத்தம் கேட்டது. அத்தனைக்குப் பிறகும் அவள் பெட்டிக்கு ஒரு காசு கட்டவில்லை.

அந்த டொரத்தி முணுமுணுப்பு இல்லாமல் கட்டியிருக்கிறாள்.

மகளுக்குத் தொலைபேசி போட்டேன். ஃபெலிசியா கெலாங் பாத்தாவில் குடியிருந்துகொண்டு, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அவசரமாகவே பேசுவாள்.

"ஃபெலிசியா, பஸ்ல பெட்டிக்குக் காசே இல்லம்மா. கீழ தள்ளி விட்டுட்டு மேல ஏறித் தூங்குனா பட்டர்வொர்த், அங்கேருந்து சித்தி வீடு பக்கம்தான். ரயிலும் அப்படித்தான். குளுவாங்ல ஏறி, கோலாலம்பூர்ல மாறி, தலைக்கு மேல தூக்கி வச்சுட்டா முடிஞ்சுது. ஒரு போத்தல் தண்ணிக்கு எதுக்கு இவ்வளவு?"

"டேடி, எவ்வளவு பெரிய காசு? விடுங்க லா."

"காச விடு. காரணத்தச் சொல்லு."

"மம்மிக்கு பஸ்ல ஒக்காந்தா முதுகு வலிக்குது."

"மம்மிக்கு எப்பவும் முதுகு வலிச்சதில்ல. எனக்குத்தான் கொஞ்ச நாளா வலிக்குது."

"மீட்டிங் இருக்கு டேடி" என்று வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை.

விசாரணையைத் தொடங்கினேன். டொரத்தி இப்போதெல்லாம் குளியலறைக்குள் குழாயைத் திறந்துவிட்டுத் தங்கையோடு பேசுகிறாள். கதவில் காதை வைத்தால் தண்ணீர்தான் கேட்கிறது. போன மாதம் மகளோடு ஜொகூர் பாருவுக்கு 'ஷாப்பிங்' என்று இரண்டு தடவை போனவள், இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பினாள். டொரத்தி கடைத்தெருவிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள் என்பது, மீன் குளத்திலிருந்து ஈரமில்லாமல் வந்தது என்பது போல. பூசைக்குப் பிறகு எல்லோரும் வெளியே வந்து காப்பி குடித்த பின்னும் அவள் முட்டி போட்டபடியே இருக்கிறாள்.

முதலில் நிலத் தகராறு என்று நினைத்தேன். அப்புறம் ஜெரால்டின் குடும்பத்தில் ஏதோ சண்டை என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு வந்தபோது கையிலிருந்த ரொட்டிச் சானாயைத் தட்டில் வைத்துவிட்டேன். தண்ணீர், செபம், ரகசியம், ஜொகூர் பாருவுக்குப் போய் வருவது, பஸ் பயணம் ஆகாது என்பது. டொரத்திக்கு ஏதோ வியாதி. பெரிய வியாதி. எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

அன்று மாலை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"டொரத்தி, உனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லியே."

"உண்மையச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் இல்லங்க. நல்லாத்தான் இருக்கேன்." கண்ணைப் பார்த்துச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர்களைத்தான் நான் எப்போதும் அதிகம் சந்தேகப்படுவது. பசு மாடு முட்டியது என்று சொன்னவனும் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான்.

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் எதையும் தூக்கக் கூடாது. சமையல் கேஸ் தோம்பு வந்து இறங்கினால் நான் ஓடுவேன். அரிசி மூட்டையை நான் எடுப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் குனிவதற்குள் அவள் பாய்ந்து வந்துவிடுவாள்.

"விடுங்க, நான் எடுக்கறேன்."

"நீ விடு."

"வயசான காலத்துல எதுக்கு இந்த வீரம்?"

"எனக்கு வயசாச்சுன்னா நீ மட்டும் என்ன கொமரியா?"

வெங்காயப் பைக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று இழுத்ததைப் பக்கத்து வீட்டு வாசுகி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிளுக்கும் ஆண்ட்டிக்கும் இன்னும் எவ்வளவு ஆசை" என்று சொல்லிச் சிரித்தாள். பை கிழிந்து வெங்காயம் நாலு பக்கமும் ஓடியது. அதைப் பொறுக்குவதற்கும் போட்டி.

போகிற நாள் வந்தது. ஃபெலிசியா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து எங்களைச் செனாயில் கொண்டுவிட்டாள். வண்டியிலிருந்து பெட்டியை அவளே இறக்கி, தள்ளுவண்டியில் வைத்து, விமானக் கம்பெனி முகப்பு வரை அவளே தள்ளினாள். நான் கை வைத்தபோது, "டேடி, நீங்க பாஸ்போர்ட்டப் பாத்துக்குங்க" என்றாள்.

"பினாங்குக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்?"

"அப்ப ஐசி கார்டப் பாத்துக்குங்க."

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் பெட்டியை எடைபோடும் இடத்தில் வைக்கச் சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது? காலிப் போத்தல்கள், இரண்டு துண்டு, எங்கள் மாற்றுத் துணி. எண் நாலைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது.

"அங்கிள், ரிங்கான் லா, ரொம்ப லேசு," என்று மலாயும் கைச்சாடையுமாகச் சொன்னாள். கையிலேயே கொண்டு போகலாமாம். பணம் கட்டியிருக்கவே வேண்டாமாம்.

நான் வெற்றியோடு டொரத்தியைப் பார்த்தேன். காற்றை ஏற்றி அனுப்பக் காசு கட்டியிருக்கிறாள். இப்போதாவது அந்தப் பழைய டொரத்தி விழித்துக்கொள்வாள், பணத்தைத் திருப்பிக் கேட்பாள், மேலாளரைக் கூப்பிடச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"பரவால்ல. போகட்டும்," என்றாள்.

பெட்டி ஓடும் பட்டையில் ஏறி, ஆடி ஆடி உள்ளே போய் மறைந்தது. டொரத்தி அதைப் பார்த்து மூச்சு விட்டாள். சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போதுகூட இவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. ஐயோ, இவளால் நாலு கிலோகூடத் தூக்க முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை மறைக்க, "பெட்டிக்கு ஜன்னல் சீட்டு கெடச்சுதா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள்.

ஜெரால்டின் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. அதுவும் சந்தேகத்துக்குரியது. பொதுவாக அவள் என்னை, "அத்தான் வந்தா ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்கணும்" என்று சொல்லி வரவேற்பவள். இந்தத் தடவை காலுக்கு முக்காலி போட்டாள். மீன் குழம்பில் உப்பே இல்லை. அக்காவை நினைத்து அழுதுகொண்டே சமைத்ததில் உப்பு போட மறந்துவிட்டாள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். டொரத்தி கோயிலுக்கு உடுத்தப் போன நேரத்தில் ஜெரால்டினைச் சமையலறையில் மடக்கினேன்.

"ஜெரால்டின், உங்க அக்காவுக்கு என்ன?"

"அக்காவுக்கா? என்ன அத்தான்?"

"நான் எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டேன். மறைக்காத."

அவள் முகம் வெளுத்தது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? அக்கா சொல்லிட்டாங்களா?"

"எனக்கு யாரும் சொல்லணுமா? டொரத்திக்கு எந்த எடத்துல? எவ்வளவு பெருசு?"

ஜெரால்டின் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. "அத்தான், இன்னும் ஒரு தோசை சாப்பிடுங்க," என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசையிலும் உப்பு இல்லை.

கோயிலில் முட்டி போட்டேன். நான் அதிகம் செபம் செய்கிறவன் இல்லை. பூசையில் பிரசங்கம் தொடங்கினால் காற்றாடி எத்தனை இருக்கிறது என்று பார்க்கிற ரகம். அன்று மட்டும் அந்த வயதான அம்மாளின் முகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். 'தாயே, உன் தண்ணியக் காருக்கு ஊத்தினது நான். அந்தக் கணக்க என் பேர்ல எழுதிக்க. அவ பேர்ல எழுதாத' என்றேன். பக்கத்தில் டொரத்தி உதடு அசைய அழுதுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலுக்குள் இறங்கியது. சாகப் போகிறவளுக்கு இவ்வளவு பலமா என்று ஓர் ஓரத்தில் பழைய விசாரணைக்காரன் முனகினான். அவனை அடக்கினேன்.

போத்தல்களை நிரப்பியது ஜெரால்டினின் கணவர். பெட்டியைக் கட்டியது அவர். பினாங்கு விமான நிலையத்தில் பட்டையில் தூக்கி வைத்ததும் அவர்தான். இப்போது பெட்டி கட்டின காசுக்கு ஏற்ற முழுக் கனம்.

விமானத்தில் டொரத்தி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் விழித்திருந்தேன். இறங்கியதும் பெட்டி வருமே, அதை யார் எடுப்பது? அங்கே ஃபெலிசியா உள்ளே வர முடியாது. வெளிவாசலில்தான் நிற்பாள். டொரத்தி பிடிவாதக்காரி. முந்திக்கொள்வாள். அதற்கு முன் நான் எடுத்துவிட வேண்டும்.

செனாயில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை முன்னால் கூட்டம். எங்கள் பெட்டி தொலைவிலேயே தெரிந்தது. அடையாளத்துக்கு டொரத்தி அதன் கைப்பிடியில் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தாள். நான் இரண்டு பேரை விலக்கிக்கொண்டு முன்னே போனேன். குனிந்து, கைப்பிடியைப் பிடித்தேன்.

என் மணிக்கட்டின் மேல் ஒரு கை விழுந்தது.

"விடுங்க."

"நீ விடு டொரத்தி. இவ்வளவு கனத்த நீ தூக்குவியா?"

"நான் தூக்கல. யாராச்சும் எடுத்துக் குடுப்பாங்க. மொதல்ல நீங்க கைய எடுங்க."

பெட்டி நிற்காமல் நகர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நாலடி நடந்தோம். ஒரு சீனக் கிழவர் ஒதுங்கி வழிவிட்டார். டொரத்தி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பெட்டி எங்களை விட்டுவிட்டு, ரப்பர்த் திரைக்குள் நுழைந்து மறைந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"டொரத்தி, பொய் கேட்டே சம்பளம் வாங்கினவன் நான். உன் மகள் பொய் சொல்றா, உன் தங்கச்சி தோசையப் போட்டு வாய அடைக்கறா. நீ காலிப் போத்தலுக்குக் காசு கட்டற. உனக்கு என்ன வியாதி? அத மட்டும் சொல்லு. இல்லன்னா அடுத்த சுத்துல அந்தப் பெட்டிய நான்தான் தூக்குவேன்."

அவள் என்னையே பார்த்தாள். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

"எனக்கு இல்லங்க," என்றாள். "உங்களுக்கு."

பட்டையில் யாருடைய பெட்டிகளோ போய்க்கொண்டிருந்தன.

"உங்க பொறந்த நாளுக்கு ஃபெலிசியா செக்கப் கூட்டிட்டுப் போனாளே. அதுல தெரிஞ்சுது. வயித்துக்குள்ள எறங்குற பெரிய ரத்தக் கொழாய் ஒரு எடத்துல பலூன் மாதிரி உப்பியிருக்காம். டாக்டர் எங்களக் கூப்பிட்டுச் சொல்றப்ப நீங்க கீழ காண்டீன்ல கறிபாப் தின்னுக்கிட்டிருந்தீங்க. கனம் தூக்கக் கூடாது. கோபப்படக் கூடாது. உப்பு கொறைக்கணும். ஆப்பரேஷனுக்கு ஜொகூர் பாருல அடுத்த மாசம் நாள் குடுத்திருக்காங்க."

"கொஞ்சம் கொழுப்பு இருக்குன்னுதான சொன்னீங்க?"

"சொன்னேன். அந்தத் தண்ணிய நாலு நாள் உங்களுக்குக் குடிக்கக் குடுத்துட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க காருக்குக் குடுத்துட்டீங்க."

கொஞ்ச நாளாகக் காலையில் அவள் தரும் வைட்டமின் மாத்திரை நினைவுக்கு வந்தது. என் முதுகு வலி நினைவுக்கு வந்தது. வெங்காயப் பை நினைவுக்கு வந்தது.

"பஸ்ல போயிருக்கலாமே," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பஸ்னா நீங்கதான் குனிஞ்சு உள்ள தள்ளுவீங்க. ரயில்னா தலைக்கு மேல தூக்கி வைப்பீங்க. வேணாம்னா கேக்கற ஆளா நீங்க? இதுல மட்டும்தான் காசக் கட்டிட்டா அதுவா போவுது, அதுவா வருது. மேல ஏத்தி விட ஆள் இருக்கு."

"எடுக்கறதுக்கு இல்லியே."

"அத மறந்துட்டேன்," என்றாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

சொல்வதற்கு எனக்கு இரண்டு வேடிக்கைகள் கைவசம் இருந்தன. ஒன்று என் காருக்கு இனி ஆயுசு கெட்டி என்பது. மற்றது இன்னும் நன்றாகவே இருந்தது. இரண்டையும் கைவசமே வைத்துக்கொண்டேன். எங்கள் பெட்டி மறுபடியும் திரையை விலக்கிக்கொண்டு வந்தது. சேலைக் கிழிசல் ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் போகவிட்டோம்.

"ஆப்பரேஷன் பண்ணா சரியாயிடுமா?" என்று கேட்டேன்.

சும்மா கவலைப்படாதீங்க என்று அவள் சொல்லியிருக்கலாம். தோசை வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். குழாயைத் திறந்துவிட அங்கே குளியலறை இல்லை என்றாலும், என்னை ஏமாற்ற அவளுக்கு ஆயிரம் வழி தெரியும். அவள் என் கையைப் பிடித்தாள், கோயிலில் பிடித்த அதே பிடி.

"டாக்டர் சரியாயிடும்னாரு. ஃபெலிசியாவும் சரியாயிடும்ங்கிறா. எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் பயமா இருக்கு."